அம்மா எழாத ஞாயிறுகள்

மாதத்தின் முதல் ஞாயிறு எங்கள் சபையில் திருவிருந்து. பிரசங்கம் முடிந்து, அப்பமும் திராட்சை ரசமும் இருக்கும் மேசை மீதிருந்து வெள்ளைத் துணியைப் போதகர் விலக்கியதும், முதலில் ஆண்கள் பக்கம், பிறகு பெண்கள் பக்கம் என்று வரிசை வரிசையாக எழுந்து போய் முழங்காலிடுவார்கள். பெண்கள் பக்கத்துப் பாயில் அப்போது ஒருத்தி மட்டும் எழாமல் இருப்பாள். அது என் அம்மா. போகிறவர்களுக்கு இடைஞ்சல் இல்லாமல் கால்களை மடக்கி, முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு தரையைப் பார்த்தபடி இருப்பாள்.

ஒருமுறை வெளியூரிலிருந்து வந்த பிரசங்கியார், அவள் புதிதாகக் கோயிலுக்கு வருகிறவள் என்று நினைத்துவிட்டார். ஆராதனை முடிந்ததும் ஒரு துண்டுப் பிரசுரத்தைக் கையில் கொடுத்து, “பயப்படாதீங்கம்மா, சீக்கிரம் நீங்களும் மேசைக்கு வரலாம்” என்றார். அம்மா அதை இரண்டு கையாலும் வாங்கி, “சரிங்க ஐயா” என்றாள். அவள் அந்தக் கோயிலில் ஞானஸ்நானம் பெற்றவள். அங்கேயே தாலி கட்டிக்கொண்டவள்.

ஆண்கள் பக்கத்தில் முதலில் எழுபவர் என் மாமா, அம்மாவின் உடன்பிறந்த தம்பி. சபைக் கமிட்டியில் இருப்பவர் என்பதால் அவர் எழுந்த பிறகே மற்றவர்கள் எழுவார்கள். அம்மா எழாமல் இருப்பதற்கு அவர் காரணம். அவர்கள் இருவரும் பேசாமல் இருப்பதற்கு நான் காரணம்.

திருவிருந்துக்கு முந்திய சனிக்கிழமை சாயங்காலம், அதில் பங்குபெறப் போகிறவர்கள் போதகர் வீட்டுக்குப் போய்ப் பெயர் சொல்ல வேண்டும். இது எங்கள் ஊரில் இன்னும் இருக்கும் பழைய வழக்கம். போதகர் ஒவ்வொருவரிடமும், “யாரோடயாவது மனஸ்தாபம் உண்டா?” என்று கேட்பார். உண்டென்றால் திருவிருந்து வாங்கக் கூடாது. வாய்க்கால் தகராறில் மண்வெட்டியைத் தூக்கியவனும், மருமகளோடு ஒரு வாரமாகப் பேசாத மாமியாரும், “இல்லீங்க ஐயா” என்று சொல்லிவிட்டு வருவார்கள். யாரும் அதைப் பொய்யாக நினைப்பதில்லை. சௌக்கியமா என்று கேட்டால் சௌக்கியம் என்று சொல்வதுபோல அது ஒரு பதில். அம்மா மட்டும், “இருக்குங்க ஐயா” என்று சொன்னாள். அதன் பிறகு சனிக்கிழமை போவதையே நிறுத்திவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை போவதை நிறுத்தவில்லை.

எங்கள் தெருவில் பெண் பிறந்தால் தாய்மாமன் வீட்டுக்கு முறை. ஏசுவைக் கும்பிட்டாலும் அந்த முறை மாறவில்லை. மாமாவின் மகன் வெளிநாட்டில் கம்பி கட்டும் வேலைக்குப் போக இருந்தான். போவதற்குள் கல்யாணத்தை முடித்துவிட வேண்டும் என்பது மாமாவின் அவசரம். நான் பன்னிரண்டாம் வகுப்பு எழுதி முடித்திருந்தேன். எங்கள் குடும்பத்தில், இரண்டு பக்கத்திலும், பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். அம்மாவுக்குக் கையெழுத்து வராது. அவளுடைய தாய் நடவுக்குப் போனபோது, தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு வரப்பில் நிற்க வேண்டியிருந்ததால் அவளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கவில்லை. அந்தத் தம்பிதான் மாமா.

அப்பாவும் மாமாவும் கலந்து பேசி, என் பெயரையும் அவன் பெயரையும் போதகரிடம் கொடுத்துவிட்டார்கள். அம்மாவிடம், படிப்பு முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருந்தார்கள். எங்கள் கோயில்களில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறுகள் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், இதற்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் இருந்தால் இப்போதே சொல்லலாம் என்று கேட்டுவிட்டு, போதகர் கொஞ்ச நேரம் நிறுத்துவார். அந்த நேரத்தில் யாரும் எதுவும் சொல்லி நான் கேட்டதில்லை. மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்கும்.

அன்று அம்மா எழுந்து நின்றாள்.

“எனக்குத் தடை இருக்குங்க ஐயா.”

போதகர் தாளிலிருந்து நிமிர்ந்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “என்ன தடைம்மா?” என்றார்.

“பாப்பா படிக்கணும் ஐயா.”

பின்னால் யாரோ சிரித்தார்கள். மாமா ஆண்கள் பக்கத்திலிருந்து, “இதெல்லாம் ஒரு தடையா? உக்காருக்கா” என்றார். அப்போதும் அக்கா என்றுதான் சொன்னார். போதகர் சட்டத்தில் உள்ள தடைகளைச் சொன்னார். மாப்பிள்ளைக்கு ஏற்கெனவே மனைவி இருக்க வேண்டும், அல்லது பெண்ணுக்கு வயது பத்தாமல் இருக்க வேண்டும், அல்லது கட்டக்கூடாத உறவாக இருக்க வேண்டும். எனக்கு அந்த மாதம்தான் வயது நிறைந்திருந்தது. “இது அதுல எதுலயும் வராதும்மா. உக்காருங்க.”

“ஓலையை மடிச்சு வச்சிட்டா உக்கார்றேன் ஐயா.”

அவள் குரல் உயரவில்லை. கடையில் உப்பு கேட்பதுபோலத்தான் கேட்டாள். ஆனால் உட்காரவில்லை. சபை முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. அப்பா தலை குனிந்துகொண்டார். கடைசியில் போதகர் அந்தத் தாளை மடித்து வேதப் புத்தகத்துக்குள் வைத்துவிட்டு, பாட்டு எண்ணைச் சொன்னார். அம்மா உட்கார்ந்தாள். நான் அவளுக்குப் பக்கத்தில் இருந்தேன். அவள் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு எல்லோரோடும் சேர்ந்து பாடினாள். அவளைப் பார்த்தபோது எனக்குள் ஏற்பட்டது பயமில்லை, பெருமை. இன்றும் அதைப் பெருமை என்றுதான் சொல்வேன்.

அன்று சாயங்காலம் மாமா எங்கள் வாசலுக்கு வந்து அப்பாவிடம் கேட்டார். “ஒரு வார்த்தை வீட்டுல சொல்லியிருந்தா நானே நிறுத்தியிருப்பேன்ல மச்சான்? சபைக்கு நடுவுல என் மூஞ்சியில கரியப் பூசிட்டாளே.” வீட்டில் சொல்லியிருந்தால் அவர் நிறுத்தியிருக்க மாட்டார். அது அப்பாவுக்கும் தெரியும். அப்பா, “அவ சொன்னா சொன்னதுதான்” என்று மட்டும் சொன்னார். மாமா போய்விட்டார். அவர் வீடு எங்கள் வீட்டிலிருந்து நான்கு வீடு தள்ளி. அதன் பிறகு அந்தத் தூரத்தை அவர் நடந்து வந்ததில்லை. அப்பா நெஞ்சுவலியில் இறந்தபோதுகூட, தெருவில் நின்றார், கல்லறை வரை வந்தார், வீட்டுக்குள் வரவில்லை.

நான் மருந்தாளுநர் படிப்புப் படித்தேன். இப்போது பக்கத்து ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்க்கிறேன். காலையில் ஜன்னலுக்கு முன்னால் வரிசை நிற்கும். நடவுக்காரர்களும் குத்தகைக்காரர்களும், எங்கள் தெருவுக்குள் காலே வைக்காத வீட்டுக்காரர்களும், என் கையிலிருந்துதான் மாத்திரை வாங்க வேண்டும். எந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன், எது பின் என்று நான் சொல்வதைத் தலையாட்டிக் கேட்டுக்கொள்வார்கள். மாமாவுக்குச் சர்க்கரை வியாதி உண்டு. அவர் மட்டும் என் ஜன்னலுக்கு வருவதில்லை. பஸ் ஏறி, இரண்டு ஆறு தாண்டி, வேறொரு நிலையத்துக்குப் போய் மாத்திரை வாங்கி வருகிறார். அங்கே இருப்பவள் என்னோடு படித்தவள். “உங்க மாமா இன்னைக்கும் வந்தாருடி, உன் ஊருல மாத்திரை இல்லையான்னு கேட்டேன், இங்க காத்து நல்லாருக்குன்னாரு” என்று ஒருநாள் போனில் சொல்லிச் சிரித்தாள்.

அம்மா என்றைக்கும் கேட்டுக்கொண்டது அமைதியான ஒரு பிழைப்பை. சாயங்கால ஜெபத்தில் எனக்கு நல்ல மதிப்பெண் கேட்டதில்லை, வேலை கேட்டதில்லை. “சண்ட சச்சரவு இல்லாம, ஒருத்தர் வாயில விழாம, எங்க கையால ஒழச்சு சாப்புட்டுட்டு இருக்க வச்சிரு ஆண்டவரே” என்பாள். அப்படிப்பட்டவள் ஒரே ஒருமுறை சத்தமாக ஒரு வார்த்தை சொன்னாள். அது அவளை விடவில்லை. நடவு வயலில் பெண்கள், “ஏய், நாத்துக்கட்டு எடுக்கணும், நீ எந்திரி. ஒனக்குத்தான் நல்லா எந்திரிக்க வருமே” என்பார்கள். அவளும் எழுந்து போய் நாற்றுக்கட்டைத் தூக்கி வருவாள். அடிபம்பில் மாமாவின் மனைவி குடத்தோடு வந்தால், பாதி நிறைந்த தன் குடத்தை நகர்த்திவிட்டு ஒதுங்கி நிற்பாள். கிறிஸ்துமஸுக்கு முறுக்கும் அதிரசமும் தட்டில் வைத்துத் துணி மூடி என்னிடம் கொடுத்தனுப்புவாள். தட்டு அப்படியே திரும்பி வரும், துணிகூட விலகாமல். மறு வருடமும் அனுப்புவாள்.

மாமாவின் மகன் வேறு பெண்ணைக் கட்டிக்கொண்டு சந்தோஷமாக இருக்கிறான். ஊருக்கு வரும்போது என்னைப் பார்த்தால், “என்ன டாக்டரு, தலவலிக்கு ஒரு ஊசி போடுறியா?” என்று கேட்டுவிட்டுப் போகிறான். நான் டாக்டர் இல்லை என்று சொன்னால், “எங்களுக்கு எல்லாம் ஒண்ணுதான்” என்பான். அவனுக்கு மனக்குறை எதுவும் இல்லை. அவனுக்கும் எனக்கும் நடக்காத ஒரு கல்யாணத்துக்காக அவன் அப்பாவும் என் அம்மாவும் தனித்தனியாகக் கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

போன வருடம் அம்மாவின் கால் வீங்கத் தொடங்கியது. சேற்றில் நின்ற கால், அப்படித்தான் இருக்கும் என்றாள். நான் கூட்டிப் போய் ரத்தப் பரிசோதனை செய்ய வைத்தேன். சிறுநீரகம் இரண்டும் கெட்டுவிட்டிருந்தது. இப்போது வாரத்தில் இரண்டு நாள் தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய் டயாலிசிஸ் செய்கிறோம். அவளுக்குத் தண்ணீருக்கு அளவு உண்டு. காலையில் ஒரு பாட்டிலில் ஊற்றிக் கொடுத்துவிடுவேன். குழம்பு, காபி, மாத்திரை போடும் தண்ணீர், எல்லாம் அந்தக் கணக்குக்குள் வர வேண்டும். ஆறு நிறைய ஓடும் ஊரில், ஆயுசெல்லாம் தண்ணீருக்குள் நின்று வேலை செய்தவள், இப்போது நாக்கை நனைக்க என் முகத்தைப் பார்க்கிறாள்.

போதகர் வீட்டுக்கு வந்தார். இவர் புதியவர், வயது குறைந்தவர். “நோயாளிகளுக்கு வீட்டுலயே திருவிருந்து குடுக்கலாம்மா. நாளைக்கே கொண்டாறேன்” என்றார்.

“வேணாம் ஐயா.”

“ஏம்மா?”

“எந்தம்பிக்கு எம்மேல மனசு சரியில்ல. அத வச்சிக்கிட்டு எப்புடி வாங்குறது?”

“உங்க மனசுல ஒண்ணும் இல்லல்ல. ஆண்டவருக்கு அது தெரியும்.”

“ஆண்டவருக்குத் தெரியும் ஐயா. எந்தம்பிக்குத் தெரியலையே.”

போதகர் ஜெபம் செய்துவிட்டுப் போனார். அவர் போன பிறகு அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, “ஒரு தடவ வாங்கிட்டா போதும் பாப்பா” என்றாள். சாவதற்கு முன்னால் என்று அவள் சொல்லவில்லை. அப்படிப் படுக்கையில் இருப்பவர்கள் எதைச் சொல்லாமல் விடுவார்கள் என்பது எனக்கு வேலையில் பழகிய விஷயம்.

அடுத்த நாள் மாமா வீட்டுக்குப் போனேன். பல வருடங்களுக்குப் பிறகு அந்த வாசல். அவர் குத்தகைக்கு எடுத்த வயலின் விதைநெல்லைக் கோணியில் பரப்பிக்கொண்டிருந்தார். நிமிராமல், “வாங்க, ஆபீசரம்மா. இங்க யாருக்கும் மாத்திர வேணாமே” என்றார்.

“மாமா, அம்மாவுக்கு முடியல.”

“கேள்விப்பட்டேன்.”

“நீங்க ஒரு தடவ வந்து பேசிட்டா, அவங்க திருவிருந்து வாங்குவாங்க. வேற எதுவும் கேக்கல.”

அவர் நெல்லைக் கையால் அளைந்துகொண்டே இருந்தார். “அவ எங்க சொன்னா? சபையில. அங்கயே எந்திரிச்சு, அன்னைக்குத் தடை சொன்னது தப்புன்னு சொல்லிடட்டும். நான் அங்கயே கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போறேன் மேசைக்கு.”

“மாமா, அவங்களால நிக்கவே முடியல.”

“உக்காந்துக்கிட்டே சொல்லட்டும்.” பிறகு முதல்முறையாக என்னைப் பார்த்தார். “என்னை இடுப்புல தூக்கி வளத்தவ அவ. வேற எவளாச்சும் எந்திரிச்சிருந்தா அன்னைக்கே மறந்திருப்பேன்.”

உள்ளே இருந்து அவர் மனைவி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். நான் குடித்துவிட்டு வந்தேன்.

அம்மாவிடம் அவர் சொன்னதை அப்படியே சொன்னேன். நான் அதோடு நிறுத்தவில்லை. “சொல்லிடும்மா. ஒரு வார்த்ததானே. எனக்கு ஒண்ணும் வருத்தமில்ல. நான் படிச்சது படிச்சதுதான், அத யாரும் திருப்பி எடுக்க முடியாது” என்றேன். உண்மையாகத்தான் சொன்னேன்.

அம்மா மெல்ல என் பக்கம் திரும்பினாள். பிறகு, “சபையில சொன்னது தப்பு, வீட்டுல வச்சு சொல்லியிருக்கலாம், அப்புடின்னா சொல்லிருவேன்” என்றாள். “சொன்னதே தப்புன்னு எப்புடிச் சொல்லுவேன்? நீ அந்த ஜன்னல்ல உக்காந்துருக்கறத வந்து பாத்தேன்ல. அத வச்சிக்கிட்டுத் தப்புன்னு சொன்னா பொய்தானே? பொய்யச் சொல்லிட்டு அவன் கையப் புடிச்சிக்கிட்டு மேசைக்குப் போவணுமா?”

அவள் சொன்ன முதல் பாதியை நான் மாமாவிடம் போய்ச் சொன்னேன். “அதெல்லாம் வக்கீலு பேசுற பேச்சு. அது நீ சொல்லிக்குடுத்தது” என்றார். நான் சொல்லிக்கொடுக்கவில்லை. எழுதப் படிக்கத் தெரியாத என் அம்மா தானாகவே பிரித்து வைத்த வித்தியாசம் அது. அதை அவரிடம் நிரூபிக்க எனக்கு வழி தெரியவில்லை.

அதற்கடுத்த முதல் ஞாயிறு வந்தது. முந்தின நாள் பெய்த மழையில் தெருவெல்லாம் சேறு. ஆட்டோவைக் கோயில் வாசல் வரை கொண்டுவரச் சொல்லி அவளை இறக்கினேன். பாயில் உட்கார முடியாது என்பதால் சுவரோரமாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள். பாட்டுப் பாடும்போதுதான் கவனித்தேன், பையிலிருந்த தண்ணீர்ப் பாட்டில் காலையில் நான் ஊற்றிக் கொடுத்தபடியே இருந்தது. மாத்திரையைக்கூட வெறும் வாயில் போட்டு விழுங்கியிருக்கிறாள்.

“ஏம்மா குடிக்கல?”

“இருக்கட்டும்” என்றாள். கொஞ்சம் கழித்து, “ஒரு வாய் ரசத்துக்கு எடம் வேணும்ல. ஒருவேள அவன்...” என்று நிறுத்திக்கொண்டாள்.

அந்த ஒரு வாய் ஒரு தேக்கரண்டிகூட இருக்காது. அதற்காக எதையும் மிச்சம் பிடிக்க வேண்டியதில்லை. நான் அதைச் சொல்லவில்லை.

போதகர் வெள்ளைத் துணியை விலக்கினார். ஆண்கள் பக்கம் எழ வேண்டும். யாரும் எழவில்லை. எல்லோரும் மாமாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் எழவில்லை. தோளில் இருந்த துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்தார். போதகர் கையால் சைகை காட்டினார். கடைசியில் அவருக்குப் பின்னால் இருந்தவர் எழுந்து, அவரைச் சுற்றிக்கொண்டு போனார். மற்றவர்களும் அப்படியே சுற்றிக்கொண்டு போனார்கள்.

அம்மா தலையை நிமிர்த்திப் பார்த்தாள். “ஏன் அவன் போவல? ஒடம்பு சரியில்லையா?”

“தெரியலம்மா.”

“சக்கர கொறஞ்சிருச்சோ என்னமோ. போய்ப் பாரு. போய் வாங்கச் சொல்லு அவன.”

நடுவில் உள்ள நடைபாதையைத் தாண்டி ஆண்கள் பக்கம் போனேன். எங்கள் கோயிலில் ஆராதனை நேரத்தில் பெண்கள் அதைத் தாண்டுவதில்லை. மாமாவுக்குப் பக்கத்தில் குனிந்து, “மாமா, மயக்கமா வருதா?” என்றேன்.

“அதெல்லாம் ஒண்ணுமில்ல.”

“அம்மா உங்கள மேசைக்குப் போகச் சொல்றாங்க.”

அவர் துண்டை முறுக்கிக்கொண்டே இருந்தார். “நேத்து சாயங்காலம் ஐயா கேட்டாரு, மனஸ்தாபம் இருக்கான்னு. எப்பவும் போல இல்லீங்கன்னு சொல்ல வாயத் தொறந்தேன். வரல.” பிறகு குரலைத் தாழ்த்தி, “அதுக்காக நான் எறங்கி வந்துட்டேன்னு போய்ச் சொல்லிடாத. அவ சொல்லட்டும், நான் வர்றேன். போ, பொம்பளைங்க வரிசை எந்திரிச்சிருச்சு” என்றார்.

நான் திரும்பி வந்தபோது எங்கள் வரிசை போய்விட்டிருந்தது. அன்று நானும் வாங்கவில்லை. அவர் சொன்னதை அம்மாவிடம் சொன்னேன். அவள் சந்தோஷப்படுவாள் என்று ஒரு நிமிடம் நினைத்தேன். இத்தனை வருடங்களில் அவர் மனதில் அசைந்தது அதுதான் முதல் தடவை. அவளோ முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“நான் உக்காந்திருந்தது பத்தாதுன்னு அவனையும் உக்கார வச்சிட்டேனே” என்றாள்.

போதகர் மிச்சமிருந்த அப்பத்தின் மேல் துணியைப் போர்த்தினார். அம்மா அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதிலிருந்து முதல் ஞாயிறுகளில் எங்கள் சபையில் இரண்டு பேர் எழுவதில்லை. ஒருவர் சுவரோர நாற்காலியில், ஒருவர் ஆண்கள் பக்கத்து முதல் வரிசையில். மாமா கமிட்டியிலிருந்து விலகிக்கொண்டார். ஊரில் ஆளுக்கொரு பக்கம் சேர்ந்துகொண்டு பேசுகிறார்கள். அம்மாவின் சாயங்கால ஜெபம் சுருங்கிவிட்டது. அமைதியைக் கேட்பதை நிறுத்திவிட்டாள். “அவன மேசைக்குப் போவ வையி ஆண்டவரே, நான் இப்புடியே இருந்துக்கறேன்” என்பதோடு முடித்துக்கொள்கிறாள்.

ஒவ்வொரு முதல் ஞாயிறும் காலையில் பாட்டிலில் தண்ணீர் ஊற்றிக் கொடுக்கிறேன். ஆராதனை முடியும் வரை அவள் அதைத் திறப்பதில்லை. வெளியே வந்து ஆட்டோவில் ஏறி உட்கார்ந்த பிறகு, பாட்டிலை வாங்கி, மாமா தன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வாசலைத் தாண்டிப் போகும் வரை கையில் வைத்திருக்கிறாள். அதன் பிறகு குடிக்கிறாள்.